மூவாயிரத்து ஐந்நூறு டாலர் முகம்: பெலா லுகோசி – ஒரு நிகழ்வு ஆய்வு

1960களில் ஒரு நடிகரின் மனைவியும் மகனும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யுனிவர்சல் பட நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நடிகர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் முகம் மட்டும் ஓயவில்லை. பென்சில் ஷார்ப்னரில் இருந்தது, பிளாஸ்டிக் பொம்மையில் இருந்தது, டி-ஷர்ட்டிலும் முகமூடியிலும் இருந்தது. 1960இலிருந்து அந்த முகத்தைப் போட்டு விற்கப் பல கம்பெனிகளுக்கு யுனிவர்சல் உரிமம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்துக்கு அதில் ஒரு காசு வரவில்லை.

அந்த முகம் பெலா லுகோசியுடையது. டிராகுலா என்றதும் உலகத்துக்கு நினைவுக்கு வரும் முகம்: பின்னால் படிய வாரிய கறுப்பு முடி, நிமிர்ந்த காலர் வைத்த கறுப்பு மேலங்கி, இமைக்காத கண். இன்றைக்கு மாறுவேடப் போட்டிக்கு டிராகுலா வேடம் போடும் எந்தக் குழந்தையும், பெயர் தெரியாமலேயே, லுகோசி வேடம்தான் போடுகிறது.

லுகோசியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘டிராகுலாவின் சாபம்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். பேய்ப் பட நடிகர், போதைப் பழக்கம், வறுமை, கடைசியில் அந்த மேலங்கியோடேயே அடக்கம். கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருடமாக எடுத்துப் பார்த்தால் அங்கே சாபம் எதுவும் தட்டுப்படவில்லை. சம்பளக் கணக்கு தட்டுப்படுகிறது, ஒப்பந்தத் தாள் தட்டுப்படுகிறது, பேரம் பேசத் தெரியாத, அல்லது பேச முடியாத நிலையில் இருந்த ஒரு வெளிநாட்டு நடிகர் தட்டுப்படுகிறார். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

லுகோஸ்காரர்

பெலா ஃபெரென்ஸ் டெஷோ பிளாஸ்கோ 1882 அக்டோபர் 20 அன்று லுகோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரி ராஜ்ஜியத்தில் இருந்தது. இன்று ருமேனியாவில் இருக்கிறது, பெயர் லுகோஜ். பிற்காலத்தில் மேடைக்காக வைத்துக்கொண்ட ‘லுகோசி’ என்ற பெயருக்கு லுகோஸ்காரர் என்றுதான் அர்த்தம். வீட்டைவிட்டுச் சிறு வயதிலேயே ஓடி, பள்ளிக்கூடத்தை விட்டு, உடலுழைப்பு வேலைகள் செய்து, அப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சேர்ந்தவர். ரோமியோவாக நடித்திருக்கிறார். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகத்தில் ஏசுவாகவே நடித்திருக்கிறார். அந்த வேடத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. தாடியும் நீண்ட முடியுமாக, கண்ணில் அத்தனை சாந்தம். டிராகுலாவை மட்டுமே பார்த்தவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

1913இல் புடாபெஸ்டின் தேசிய நாடக அரங்கில் இடம் கிடைத்தது. பெரிய இடம், சின்ன வேடங்கள். முதல் உலகப் போர் வந்ததும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்ந்து, ரஷ்யப் போர்முனையில் காயப்பட்டுத் திரும்பினார். அந்தப் போர்க்காலத்து வலி பின்னால் இந்தக் கதைக்குள் மறுபடியும் வரும்.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1919இல் ஹங்கேரியில் பெலா குன் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு சில மாதங்கள் நடந்தது. லுகோசி அப்போது நடிகர்களுக்குத் தொழிற்சங்கம் அமைப்பதில் முன்னால் நின்றார். நாடக முதலாளிகள் சின்ன நடிகர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர். அரசு கவிழ்ந்ததும் அந்தச் சங்க வேலைதான் அவருக்கு வினையானது. நாட்டைவிட்டு ஓடி வியன்னாவுக்கும், அங்கிருந்து பெர்லினுக்கும் போனார். பெர்லினில் சில மௌனப் படங்களில் நடித்தார். 1920 டிசம்பரில் ஒரு சரக்குக் கப்பலில் வேலையாளாக ஏறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார். வயது 38.

ஆக, நடிகர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்ததற்காகவே நாட்டை இழந்தவர் இவர். தன் உரிமை என்று வந்தபோது அதே மனிதர் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இந்த முடிச்சை அவிழ்க்காமல் லுகோசியைப் புரிந்துகொள்ள முடியாது.

நாக்கும் மேடையும்

நியூயார்க்கில் முதலில் ஹங்கேரியர்களுக்காக ஹங்கேரிய மொழியில் நாடகம் போட்டார். 1922இல் முதல் ஆங்கில நாடகம். ஆங்கிலம் அப்போது அவருக்குத் தெரியாது. வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தார். இதை வைத்துத்தான் டிராகுலாவையும் அவர் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தார் என்ற பேச்சு கிளம்பியது. அது தவறு. டிராகுலா மேடைக்கு வந்தபோது அவர் அமெரிக்கா வந்து ஏழு வருடம் ஆகப்போகிறது.

1927 அக்டோபர் 5. நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் ஃபுல்டன் அரங்கு. பிராம் ஸ்டோக்கரின் நாவலை ஹாமில்டன் டீன் மேடைக்கு ஆக்கி, அமெரிக்காவுக்காக ஜான் பால்டர்ஸ்டன் திருத்திய நாடகம். லுகோசி 261 காட்சிகள் நடித்தார். பிறகு ஊர் ஊராகவும் போனார்.

நாவலில் வரும் டிராகுலா வெள்ளை மீசை வைத்த கிழவர். பார்த்தால் அருவருப்பு வர வேண்டும் என்றுதான் ஸ்டோக்கர் எழுதியிருக்கிறார். மேடைக்கு வந்தபோது அவர் விருந்துக்கு வரும் கனவான் ஆனார். லுகோசி அதில் சேர்த்தது தன் நாக்கை. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லுக்கும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவது போல வரும். வேறு நடிகராக இருந்தால் அந்த உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். இந்த வேடத்தில் அதுவே பயத்தைக் கொடுத்தது. வேறொரு நாட்டிலிருந்து, ஏன், வேறொரு காலத்திலிருந்து வந்தவன் பேசுவது போல இருந்தது.

ஆனால் டிராகுலாவுக்குப் பொருந்திய அந்த நாக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கும், வக்கீலுக்கும், காதலனுக்கும் பொருந்தாது என்று ஹாலிவுட் முடிவு கட்டியது. முத்திரை குத்தப்பட்டது முகத்தில் என்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் விழுந்தது குரலில்தான்.

ஏழு வாரம்

1930இல் யுனிவர்சல் டிராகுலாவைப் படமாக எடுக்க முடிவு செய்தது. இயக்குநர் டாட் பிரௌனிங். லுகோசி அவர்களுடைய முதல் தேர்வு அல்ல. மௌனப் படக் காலத்தின் பெரிய நட்சத்திரமான லான் சேனியின் பெயர் பேச்சில் இருந்தது. அவர் அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். வேறு பல பெயர்களும் அடிபட்டன. மேடையில் அந்த வேடத்தையே தன் பெயராக்கியவர் வரிசையில் காத்திருந்தார்.

காத்திருந்ததோடு நிற்கவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் உரிமைக்குப் பெரிய தொகை எதிர்பார்த்தார். ஸ்டுடியோ சார்பில் அவரிடம் பேசி விலையைக் குறைக்க லுகோசி உதவினார். அப்படிச் செய்தால் வேடம் தனக்கு வரும் என்ற நம்பிக்கை. கடைசியில் நாவலுக்கும் நாடகத்துக்குமாக 40,000 டாலருக்கு உரிமை முடிந்தது. லுகோசியும் வேடத்தை வாங்கினார். சம்பளம் வாரம் 500 டாலர், ஏழு வாரம். மொத்தம் 3,500. அதே படத்தில் கதாநாயகியின் காதலனாக வந்த டேவிட் மேனர்ஸுக்கு வாரச் சம்பளம் இதைவிடக் கூடுதல்.

இதுதான் முடிச்சு அவிழும் இடம் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் நமக்கு எவ்வளவு தேவை என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பேரம் கிடையாது. லுகோசிக்கு இந்த வேடம் எவ்வளவு வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புடாபெஸ்டில் சங்கமாகச் சேர்ந்து நின்றபோது இருந்த பலம், நியூயார்க்கில் தனியாக நின்றபோது இல்லை. 47 வயது, அந்நிய நாக்கு, கையில் ஒரே ஒரு பெரிய வேடம். அவர் ஏமாளி என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பேச இடமே இருக்கவில்லை.

படத்தில் ஒரு காட்சி. இதை நான் பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பாழடைந்த கோட்டை, அகலமான கல் படிக்கட்டு. லுகோசி கையில் ஒற்றை மெழுகுவத்தியோடு நிற்கிறார். விருந்தாளி ரென்ஃபீல்ட் கீழிருந்து ஏறி வருகிறான். பின்னணி இசை இல்லை. படத்தின் பெரும்பகுதிக்கே இசை இல்லை. படிக்கட்டின் குறுக்கே பெரிய சிலந்தி வலை. லுகோசி அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறார், அடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிறார், வலை அப்படியே இருக்கிறது. பின்னால் வரும் ரென்ஃபீல்ட் கைத்தடியால் அதை அறுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. தந்திரக் காட்சி எதுவும் கிடையாது, வெறும் படத்தொகுப்பு. அதை நம்ப வைப்பது லுகோசியின் நிதானம். வலை என்ற ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாதது போல அவர் திரும்பிப் பார்க்கும் பார்வை.

அந்தப் படத்தில் அவருக்குக் கோரைப்பல் கிடையாது. கழுத்தில் பல் பதிவதைக் காட்டுவதும் கிடையாது. கண்களின் மேல் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்று விழும்படி வைத்து எடுத்தார்கள். கைவிரல்களை அவர் மெதுவாக விரித்து மடக்குவதையும் அந்தக் கண்களையும் வைத்துத்தான் முழுப் பயமும். அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிய மொழியிலும் படத்தை எடுத்தார்கள். அதில் டிராகுலாவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸைப் பாருங்கள், நடையிலும் பார்வையிலும் லுகோசியின் சாயல் தெரியும். வேடத்துக்கு என்ன இலக்கணம் என்பது படம் வெளிவருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

1931 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ராக்ஸி அரங்கில் படம் வெளியானது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் தள்ளாடிக்கொண்டிருந்த யுனிவர்சலுக்கு அந்த வருடத்தின் பெரிய வெற்றி அது. லாபத்தில் நடிகருக்குப் பங்கு என்ற ஏற்பாடு அவர் ஒப்பந்தத்தில் இல்லை. வாரச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது.

கை மாறிய வேடம்

அடுத்த படம் ஃபிராங்கென்ஸ்டைன். முதலில் லுகோசியை வைத்துத்தான் யோசித்தார்கள். ராபர்ட் ஃப்ளோரி இயக்கத்தில் சோதனைப் படப்பிடிப்புகூட நடந்தது. விஞ்ஞானி வேடம் என்று நினைத்திருந்தவருக்கு, முகம் தெரியாத அளவு மேக்கப்பும் வசனமே இல்லாத அரக்கன் வேடமும் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் அவருடைய தயக்கம், மறுபக்கம் புதிதாக வந்த இயக்குநர் ஜேம்ஸ் வேலுக்கு வேறு முகம் வேண்டியிருந்தது. வேடம் போரிஸ் கார்லோஃபுக்குப் போனது. அதுவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாதிருந்த கார்லோஃப் ஒரே படத்தில் நட்சத்திரமானார்.

இதை லுகோசி செய்த பெரிய தவறு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குரலும் கண்ணுமே மூலதனமாக வைத்திருந்த நடிகர், இரண்டையும் மறைக்கும் வேடத்தைப் பார்த்துத் தயங்கியது இயல்பான தொழில் கணக்கு. அவரைச் சாய்த்தது அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேடத்தையும் எந்தச் சம்பளத்துக்கும் ஒப்புக்கொண்டதுதான். 1932இல் சுயேச்சைத் தயாரிப்பாளர்கள் எடுத்த ‘ஒயிட் ஸாம்பி’யில் சொற்பத் தொகைக்கு நடித்தார். அந்தப் படமும் நன்றாக ஓடியது. அதே வருடம் லுகோசி மஞ்சள் கடிதாசு கொடுத்துவிட்டார். டிராகுலா வெளிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பணம் கையில் நிற்காத மனிதர் அவர் என்பதும் உண்மை. விருந்து, சுருட்டு, ஹங்கேரிய நண்பர்கள், வயலின்காரர்கள் என்று வீடு நிறைந்திருக்கும். ஆனால் தாராளமாகச் செலவு செய்தவர்கள் ஹாலிவுட்டில் அவர் மட்டுமா?

1934இல் ‘தி பிளாக் கேட்’, 1935இல் ‘தி ரேவன்’. இரண்டிலும் கார்லோஃபோடு. ‘தி ரேவன்’ படத்தில் கதையைத் தூக்கி நடப்பது லுகோசியின் பாத்திரம்தான். ஆனாலும் பெயர் வரிசையில் முதலில் வந்தது கார்லோஃப், கூடுதல் சம்பளமும் அவருக்கே. கார்லோஃப் 1933இலேயே சம்பளத் தகராறில் ஸ்டுடியோவை விட்டு வெளியே நடந்தவர். போகத் துணிந்தவருக்கு விலை ஏறியது. லுகோசிக்கு அந்தத் துணிவு வாய்க்கவில்லை. இதில் மனதைத் தொடும் விஷயம், திரை நடிகர் சங்கம் உருவானபோது இருவருமே அதன் தொடக்ககால உறுப்பினர்கள். சங்கம் என்ற யோசனையின் மேல் லுகோசிக்கு இருந்த நம்பிக்கை புடாபெஸ்டோடு போய்விடவில்லை.

1936இல் யுனிவர்சல் டிராகுலாவின் மகளைப் பற்றி ஒரு தொடர்ச்சிப் படம் எடுத்தது. லுகோசி அதில் நடிக்கவில்லை. சவப்பெட்டியில் கிடக்கும் டிராகுலாவாக அவர் உருவத்தில் ஒரு மெழுகுப் பொம்மை வைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஸ்டுடியோ அவரிடம் சம்மதம் கேட்டு, பணமும் கொடுத்தது. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லுகோசியின் முகத்துக்கு உரிமையாளர் லுகோசிதான் என்பதை யுனிவர்சலே ஒப்புக்கொண்டது போன்ற ஒரே தருணம் அது.

அதோடு பேய்ப் பட அலை நின்றது. பிரிட்டனில் எதிர்ப்பு வலுத்து, 1937இல் பெரியவர்களுக்கு மட்டும் என்று தனிச் சான்றிதழ் வந்தது. யுனிவர்சல் புதிய முதலாளிகள் கைக்கு மாறியிருந்தது. லுகோசிக்கு வேலை இல்லை. வீட்டை இழந்தார். 1938 ஜனவரியில் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு நடிகர்களின் நிவாரண நிதியிலிருந்துதான் உதவி வந்தது.

அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெஜினா என்ற சின்னத் தியேட்டர்காரர் பழைய டிராகுலாவையும் ஃபிராங்கென்ஸ்டைனையும் இன்னொரு படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டார். கூட்டம் தெருவை அடைத்தது. லுகோசியே நேரில் வந்து ரசிகர்கள் முன் தோன்றினார். யுனிவர்சல் விழித்துக்கொண்டு இரண்டு படங்களையும் நாடு முழுக்க மறுவெளியீடு செய்து மறுபடியும் நன்றாகச் சம்பாதித்தது. பழைய படம் எத்தனை முறை ஓடினாலும் நடிகருக்குப் பணம் கிடையாது என்பது அன்றைய வழக்கம்.

ஆனால் அதனால் ஒரு நல்லது நடந்தது. 1939இல் ‘சன் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்’ படத்தில் இகோர் என்ற வேடம். தூக்கில் போட்டும் சாகாமல் பிழைத்தவன். கழுத்து எலும்பு முறிந்து ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அந்த எலும்பை அவன் தட்டிக் காட்டுவான், மரக்கட்டையைத் தட்டினாற்போல் சத்தம் வரும். கறை படிந்த பல், அடர்ந்த தாடி, கரகரத்த குரல், கண்ணில் குறும்பு. லுகோசி என்று சொன்னால்தான் தெரியும். இயக்குநர் ரோலண்ட் லீ அவருக்காகவே வேடத்தை வளர்த்தார். என் கணக்கில் லுகோசியின் ஆகச் சிறந்த நடிப்பு இதுதான், டிராகுலா அல்ல. அதே வருடம் கிரெட்டா கார்போ நடித்த ‘நினோச்கா’வில் சோவியத் அதிகாரியாக ஒரு சில நிமிடம் வந்தார். பேயும் இல்லை, மேலங்கியும் இல்லை. பிரமாதமாக இருந்தது. அப்படி இன்னொரு வாய்ப்பை யாரும் தரவில்லை.

1943இல் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ‘ஃபிராங்கென்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’. அன்று வேண்டாம் என்ற அதே அரக்கன் வேடம், அறுபது வயதில் அவரிடம் திரும்பி வந்தது. முந்தைய படத்தின் கதைப்படி அரக்கனுக்கு இகோரின் மூளை வைக்கப்பட்டு, அவன் பேசுவான், ஆனால் கண் தெரியாது. அதற்கேற்ப லுகோசி கைகளை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடந்தார். படம் முடிந்தபின் அவர் வசனம் முழுவதையும் ஸ்டுடியோ வெட்டிவிட்டது. கண் தெரியாது என்று சொல்லும் இடங்களும் அதோடு போய்விட்டன. திரையில் மிஞ்சியது காரணமே தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு தடுமாறும் ஒரு கிழவர். பார்த்தவர்கள் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்றார்கள். இன்றும் ஃபிராங்கென்ஸ்டைன் அரக்கனைக் காட்ட வேண்டும் என்றால் பிள்ளைகள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அதுவும் லுகோசியிடமிருந்து வந்ததுதான்.

அந்த வருடங்களில் மோனோகிராம் கம்பெனிக்காக அவர் நடித்த மலிவுப் படங்கள் ஒன்பது. வயிற்றுப்பாட்டுக்கான வேலை. அதே நேரத்தில் இன்னொரு லுகோசியும் இருந்தார். நாஜி எதிர்ப்பு ஹங்கேரிய-அமெரிக்க அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்து, 1944இல் ஹங்கேரிய யூதர்களைக் காப்பாற்ற அமெரிக்கா முன்வர வேண்டும் என்று கூட்டத்தில் பேசினார். 1948இல் அபட், காஸ்டெல்லோ நகைச்சுவை இரட்டையரோடு சேர்ந்த படத்தில் டிராகுலாவாக வந்தார். முழுநீளப் படத்தில் அவர் டிராகுலாவாக நடித்தது அந்த இரண்டே முறை. 1951இல் டிராகுலா நாடகத்தோடு பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டைத் தொடாமலேயே பயணம் முடிந்தது.

ஊசி

போரில் தொடங்கிய கால் நரம்பு வலிக்கு மருத்துவர்கள் மார்ஃபின் கொடுத்தார்கள். வலி போனது, ஊசி போகவில்லை. பின்னால் மெத்தடோன், டெமெரால் என்று மருந்து மாறியது, பழக்கம் மாறவில்லை. இருபது வருடம் உடன் வாழ்ந்த நான்காவது மனைவி லில்லியன் 1953இல் பிரிந்தார். மகனுக்குப் பதினைந்து வயது.

1955 ஏப்ரலில், 72 வயதில், லுகோசி தானாகவே போய் அதிகாரிகளிடம் தன்னைச் சிகிச்சைக்குச் சேர்க்கச் சொன்னார். நார்வாக்கில் உள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தபோது ஒளியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த நிலையிலேயே படமெடுக்க விட்டார், பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். நடிகர்கள் இப்படி ஒரு விஷயத்தை உயிர் போனாலும் சொல்லாத காலம் அது. அவருடைய வாழ்க்கையில் மிகத் துணிச்சலான காரியம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அதைக்கூட ‘வீழ்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு ஒரு ரசிகையிடமிருந்து கடிதங்கள் வந்தன. பெயர் ஹோப் லினிங்கர். ஹோப் என்றால் ஆங்கிலத்தில் நம்பிக்கை. கடிதத்தின் கீழே ‘ஒரு துளி நம்பிக்கை’ என்ற பொருள்படத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திடுவார். ஆகஸ்டில் லுகோசி குணமாகி வெளியே வந்தார். அதே மாதம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். முதல் பத்தியில் வழக்குப் போட்ட மனைவி இவர்தான்.

கடைசிக் காலத்தில் லுகோசிக்கு வேடம் கொடுத்தவர் எட் வுட். காசில்லாத, திறமையும் பெரிதாக இல்லாத, ஆனால் லுகோசியின் மேல் பக்தியே வைத்திருந்த இளம் இயக்குநர். அவர் எடுத்த ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ படத்தில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட விஞ்ஞானியாக லுகோசி வருகிறார். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லும் ஆளிடம், எனக்கு ஏது வீடு என்று தொடங்கி, விரட்டப்பட்டதையும் வெறுக்கப்பட்டதையும் சொல்லிக்கொண்டே போவார். செட் அட்டைபோல் இருக்கிறது, வசனம் சுமார்தான். ஆனால் கேமரா நெருங்கிப்போய் அந்த முகத்தில் நிற்கும்போது பேசுவது 1919இல் எல்லை தாண்டிய மனிதர். சிரித்துக்கொண்டே பார்க்க உட்காருகிறவர்கள்கூட அந்த இடத்தில் அமைதியாகிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

1956 ஆகஸ்ட் 16 அன்று ஹாலிவுட்டில் தன் வாடகை வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 73. டிராகுலா மேலங்கியோடு கல்வர் சிட்டியின் ஹோலி கிராஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அது அவர் கேட்டுக்கொண்டது என்று பலரும் எழுதுகிறார்கள். முடிவெடுத்தது லில்லியனும் மகனும். எட் வுட் தன்னிடம் மிச்சமிருந்த சில நிமிடக் காட்சிகளை ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற படத்தில் சேர்த்தார். மீதிக்கு வேறொரு ஆளைப் பிடித்து, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்.

தீர்ப்பு

வழக்குக்கு வருவோம். லுகோசி 1930 செப்டம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் முக்கியச் சான்று. படத்துக்காகவும் அந்தப் படத்தை விளம்பரம் செய்யவும் அவர் தோற்றத்தைப் பயன்படுத்த யுனிவர்சலுக்கு உரிமை இருந்தது. ஷார்ப்னருக்கும் டி-ஷர்ட்டுக்கும்? 1972இல் விசாரணை நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: முகமும் தோற்றமும் சொத்து, சொத்து வாரிசுக்குப் போகும். 1977இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 1979 டிசம்பர் 3 அன்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் யுனிவர்சலின் பக்கமே நின்றது. ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் உடன்படவில்லை.

பெரும்பான்மையின் வாதம் இது: தன் பெயரையும் முகத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஒருவருக்கு உண்டு, ஆனால் அதை அவர் உயிரோடு இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். லுகோசி தன் முகத்தை வைத்துத் தொழில் எதுவும் தொடங்கவில்லை. ஆகவே விட்டுச்செல்ல எதுவும் இல்லை. தனியாகக் கருத்து எழுதிய நீதிபதி மாஸ்க், டிராகுலாவைப் படைத்தவர் ஸ்டோக்கர், லுகோசி சம்பளத்துக்கு அந்த வேடத்தை ஏற்றவர் என்ற கோணத்தில் பார்த்தார். தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் விரிவான மறுப்புத் தீர்ப்பு எழுதினார். வாழ்நாள் உழைப்பால் மதிப்பேறிய முகத்தின் பலன் குடும்பத்துக்குப் போவதே நியாயம், வேடம் ஸ்டுடியோவுடையதாக இருக்கலாம், வேடம் போட்டவரின் முகம் அப்படியல்ல என்பது அவர் நிலை.

எனக்குப் பேர்ட் சொல்வதே சரியாகப் படுகிறது. கடன்காரர்களுக்குப் பயந்து அடுத்த வார வேடத்தைத் தேடிக்கொண்டிருந்த மனிதரிடம், உன் முகத்தை வைத்து நீ ஏன் தொழில் செய்யவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? தவிர, 1936இல் ஒரு மெழுகுப் பொம்மைக்கு அனுமதி கேட்டுப் பணம் கொடுத்தவர்கள், 1960இல் பிளாஸ்டிக் பொம்மைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். இடையில் மாறியது ஒன்றுதான். கேட்பதற்கு ஆள் உயிரோடு இல்லை.

ஆனால் அந்தத் தோல்வி வீணாகவில்லை. கலிபோர்னியா சட்டமன்றம் 1984இல் புதுச் சட்டம் இயற்றி, 1985 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புகழ்பெற்றவர் இறந்து 50 வருடம் வரை அவர் பெயர், குரல், கையெழுத்து, புகைப்படம், தோற்றம் ஆகியவற்றின் மேல் வாரிசுகளுக்கு உரிமை. பிறகு அது 70 வருடமாக நீண்டது. ஏற்கெனவே இறந்துபோனவர்களுக்கும் அது பொருந்தும். 1997இல் அமெரிக்கத் தபால்துறை பழைய பேய்ப் பட நாயகர்களுக்கு 32 சென்ட் தபால்தலைகள் வெளியிட்டபோது டிராகுலாவுக்கு லுகோசியின் முகத்தைப் போட்டது.

நிவாரண நிதியின் உதவியில் பிறந்த அந்த மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கறிஞரானார். பின்னாளில் அவரிடம் வந்த கட்சிக்காரர்களில் மறைந்த திரை நடிகர்களின் வாரிசுகளும் உண்டு. தகப்பனின் முகத்துக்காக நீதிமன்றத்தில் கேட்ட அதே உரிமையை அவர்களுக்காகவும் கேட்டார்.